டெல்லியில் ஐந்து நாள், முழங்கால் வலியுள்ள அம்மாவுடன்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

வைகைக்கரையாள் (பிப்ரவரி 2)

எல்லோருக்கும் வணக்கம். இந்த மாதக் கடைசியில் அம்மாவை அழைத்துக்கொண்டு டெல்லி போகிறேன். சனிக்கிழமை இரவு சென்னையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் திங்கள் காலை புது டெல்லியில் இறங்குவோம். வெள்ளி இரவு அதே வண்டியில் திரும்புகிறோம்.

அம்மாவுக்கு 68 வயது. மதுரைப் பக்கம் ஒரு பள்ளியில் 31 வருடம் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். டெல்லி சுல்தான்களைப் பற்றி மூச்சு விடாமல் பேசுவார், டெல்லியைப் பார்த்ததில்லை. சமதளத்தில் நன்றாக நடப்பார். படிக்கட்டைக் கண்டால் முகம் சுருங்கிவிடும்.

ஒரு டிராவல்ஸ்காரர் முதல் நாளுக்கு மட்டும் எழுதிக் கொடுத்த பட்டியல் இது: செங்கோட்டை, ராஜ்காட், இந்தியா கேட், பிர்லா மந்திர், இந்திரா காந்தி நினைவில்லம், தாமரைக் கோயில், குதுப் மினார், அக்ஷர்தாம். ஏசி பஸ், மதியச் சாப்பாடு உட்பட. இது நடக்கிற காரியமா?

இன்னொன்று. என்ன பார்க்க ஆசை என்று அம்மாவிடம் கேட்டால் "துக்ளக் கோட்டை" என்கிறார். அதை டிராவல்ஸ்காரரிடம் சொன்னேன். "அங்கே ஒன்றும் இல்லை மேடம், வெறும் கல்" என்று சிரித்தார்.

கரோல்பாக் தாத்தா (பிப்ரவரி 2)

அம்மா, அந்தப் பட்டியலை முதலில் கிழித்துப் போடுங்கள். நீங்கள் இறங்குவது திங்கட்கிழமை. செங்கோட்டை, இந்திரா நினைவில்லம், தாமரைக் கோயில், அக்ஷர்தாம் நான்கும் திங்கட்கிழமை விடுமுறை. எட்டில் பாதி பூட்டியிருக்கும். மூடிய கதவின் முன்னால் இறக்கி, படம் எடுத்துக்கொள்ளச் சொல்லி, மறுபடியும் ஏற்றிக்கொள்வார்கள். அதற்கும் சேர்த்துத்தான் பணம்.

நான் 1974-இல் டைப்பும் சுருக்கெழுத்தும் தேறிய சான்றிதழோடு இங்கே வந்திறங்கியவன். ஊரிலிருந்து வந்த உறவினர் கூட்டத்தைச் சுற்றிக் காட்டியே பாதி ஆயுள் போயிற்று. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: டெல்லியைப் பட்டியல் போட்டுப் பார்க்காதீர்கள், பேட்டை பேட்டையாகப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு பேட்டை. செங்கோட்டை வடக்கே, குதுப் மினார் தெற்கே. இரண்டையும் ஒரே நாளில் பஸ்ஸில் பார்க்கப் போனால் நீங்கள் அதிகம் பார்ப்பது முன்னால் போகும் லாரியின் பின்புறத்தைத்தான்.

குதுப் மினார், ஹுமாயூன் சமாதி, லோதி தோட்டம் எல்லாம் திங்களன்றும் திறந்திருக்கும். எனவே:

திங்கள்: குளித்து, தூங்கி எழுந்து, மதியத்துக்கு மேல் குதுப்.
செவ்வாய்: பழைய டெல்லி.
புதன்: தேசிய அருங்காட்சியகம், வட்டமான கடைவீதியான கன்னாட் பிளேஸ்.
வியாழன்: ஹுமாயூன் சமாதி, சுந்தர் நர்சரி, மாலையில் நிஜாமுதீன் தர்கா. அங்கே பாடும் சூஃபி பக்திப் பாட்டான கவ்வாலிக்கு வியாழன்தான் நாள்.
வெள்ளி: உங்கள் அம்மாவின் துக்ளக்.

கல்தான், ஆனால் என்ன கல்! அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஜன்னலோர இருக்கை (பிப்ரவரி 3)

தாத்தா சொல்வது ஐந்து நாள் இருப்பவர்களுக்குச் சரி. எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை கிடையாது. நான் அலுவலக வேலையாகப் போய், நடுவில் கிடைத்த ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் சுற்றுலா பஸ்ஸில்தான் டெல்லியைப் பார்த்தேன். ஏழு இடம். குறை ஒன்றும் இல்லை. இந்தி தெரியாது, வழி தெரியாது, ஆட்டோக்காரரோடு பேரம் பேசத் தெம்பில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் அந்தக் கவலை இல்லை. பஸ்ஸில் போகிறவர்களை ஏதோ விவரம் கெட்டவர்கள் போலப் பேசுவதை நிறுத்த வேண்டும்.

கரோல்பாக் தாத்தா (பிப்ரவரி 3)

பஸ்ஸைச் சொல்லவில்லை ஐயா, திங்கட்கிழமையில் அந்தப் பட்டியலை விற்றவரைச் சொன்னேன். ஒரே ஒரு ஞாயிறு என்றால் நானும் பஸ்தான் ஏறுவேன்.

யாழ்ப் பயணி (பிப்ரவரி 3)

கேள்விக்கு நேரடிப் பதில் இல்லை, ஆனாலும் இலங்கையிலிருந்து போகிறவர்களுக்கு உதவும். தொல்லியல் துறையின் கட்டடங்களில் வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம். குதுப் மினாரில் எங்கள் கண்முன்னே 600 ரூபாய் வாங்கினார்கள். ஆனால் சார்க் (தெற்காசிய) நாட்டவருக்கு இந்தியருக்கு உரிய கட்டணமேதான். பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும், அவ்வளவுதான். நான் நாற்பது ரூபாய்க்குள் உள்ளே போனேன். கூட வந்த மச்சான் கனடா பாஸ்போர்ட்காரர். "நானும் அதே ஊரில் பிறந்தவன்தானே" என்று கவுண்டரில் தமிழில் வாதாடிப் பார்த்தார். பலிக்கவில்லை. பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு டிக்கெட் இல்லை.

முனிர்க்கா மாணவி (பிப்ரவரி 4)

அக்கா, குதுப்புக்குப் போகும்போது அம்மாவுக்குக் கால் ஒத்துழைத்தால் பக்கத்திலேயே மெஹ்ரோலி தொல்லியல் பூங்காவையும் பாருங்கள். டிக்கெட் கிடையாது, கூட்டமும் கிடையாது. ஜமாலி கமாலி என்று சிறிய சமாதி ஒன்று உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணப் பெட்டி. உள்ளே கூரை முழுக்க நீலமும் சிவப்புமாக வேலைப்பாடு. பெரும்பாலும் பூட்டியிருக்கும், காவலாளி இருந்தால் கேட்டுப் பாருங்கள். ராஜோன் கி பாவ்லி படிக்கிணறும் அங்கேதான். மேலிருந்தே பார்க்கலாம், இறங்கத் தேவையில்லை.

ஹுமாயூன் சமாதியில் மட்டும் எச்சரிக்கை. பெரிய மேடைமேல் கட்டியிருக்கிறார்கள். ஏறும் படிகள் ஒவ்வொன்றும் சராசரிப் படியைவிட உயரம். அம்மாவைக் கீழே இருக்கும் ஈசா கான் சமாதியில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் மேலே போய் வரலாம். அது இன்னும் பழையது, 1547. எண்கோண வடிவம். எனக்கு ஹுமாயூனைவிட அதுதான் பிடிக்கும். வாசலருகே 2024-இல் பூமிக்கடியில் ஒரு அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள், அங்கே சரிவுப் பாதை உண்டு. பக்கத்துச் சுந்தர் நர்சரியில் புல்வெளி, பெஞ்சு, சமாதிகள், வாத்துகள் எல்லாம் உண்டு. வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போகத் தோதான இடம்.

மெட்ரோவில் முதல் பெட்டி பெண்களுக்கு. முதியவர் இருக்கை கேட்டால் எழுந்து கொடுப்பார்கள், கேட்க வேண்டும்.

ஊர்சுற்றி மாமா (பிப்ரவரி 4)

டெல்லி வரைக்கும் போய்விட்டு ஆக்ரா போகாமல் திரும்புவதா? வெள்ளிக்கிழமை சும்மாதானே இருக்கிறீர்கள், காலையில் போய் மாலையில் வந்துவிடலாமே.

முனிர்க்கா மாணவி (பிப்ரவரி 4)

மாமா, தாஜ்மகாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

ஊர்சுற்றி மாமா (பிப்ரவரி 4)

நான் ஒன்றும் சொல்லவில்லை.

வைகைக்கரையாள் (பிப்ரவரி 5)

எல்லோருக்கும் நன்றி. டிராவல்ஸ்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பழைய டெல்லிதான் பயமாக இருக்கிறது. வீடியோக்களைப் பார்த்தால் மனிதத் தலையைத் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை. அம்மாவைக் கூட்டிப்போக முடியுமா?

கரோல்பாக் தாத்தா (பிப்ரவரி 5)

முடியும். நேரம் பார்த்துப் போக வேண்டும். காலை எட்டரைக்குச் சாந்தினி சௌக்கில் இருங்கள். கடைகள் பதினொன்றுக்குத்தான் சோம்பல் முறிக்கும். அதற்குள் தெரு உங்களுடையது. 2021-இல் அந்தத் தெருவைச் சீரமைத்து, பகல் முழுக்க மோட்டார் வண்டிகள் வராமல் செய்துவிட்டார்கள். சைக்கிள் ரிக்‌ஷா உண்டு. அம்மாவை அதில் ஏற்றிவிடுங்கள். முழங்காலுக்கு வேலையே இல்லை.

செங்கோட்டைப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். முதலில் சிவப்பு நிற ஜைனக் கோயில். அதன் வளாகத்தில் பறவைகளுக்கு ஒரு மருத்துவமனை நடத்துகிறார்கள். கூண்டுகளில் பெரும்பாலும் புறாக்கள். டெல்லியில் பட்டம் விடும் பருவத்தில் மாஞ்சா நூல் அறுத்த புறாக்களை மக்கள் சட்டைக்குள் வைத்து எடுத்து வருவதை நானே பார்த்திருக்கிறேன். அடுத்து சீஸ் கஞ்ச் குருத்வாரா. குரு தேக் பகதூரை 1675-இல் தலை வெட்டிய இடம். தலையை மூடிக்கொண்டு உள்ளே போகலாம். வயிறார உணவும் உண்டு. கோயிலும் குருத்வாராவும் மசூதியும் நடக்கிற தூரத்தில் ஒரே தெருவில்.

பிறகு கினாரி பஜார் சந்து. ஜரிகை, குஞ்சம், மாப்பிள்ளைத் தலைப்பாகை. வாங்காவிட்டாலும் கண்ணுக்குக் கல்யாணம். தெருவின் மேற்குக் கோடியில் காரி பாவ்லி, மசாலா மண்டி. இங்கே மட்டும் ஒரு கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். மிளகாய் மூட்டை தூக்கிப் போகிறவர் கடந்த இரண்டாவது நொடியில் தெருவே தும்மும். விற்பவர், வாங்குபவர், மூட்டை தூக்குபவர் எல்லோரும் சேர்ந்து தும்முவதும், தும்மிவிட்டுப் பேரத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்வதும் அங்கே வாடிக்கை.

ஜும்மா மசூதிக்கு முப்பதுக்கு மேல் படி. அதை விட்டுவிடுங்கள், அல்லது கீழேயிருந்து பாருங்கள். ஷாஜகான் கட்டியதை இருபது அடி தள்ளி நின்று பார்த்தால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிப்ரவரிக் கடைசி என்பதால் தௌலத் கி சாட் கிடைத்தாலும் கிடைக்கும். பாலைக் குளிரில் இரவெல்லாம் வைத்துக் கடைந்து நுரையை மட்டும் எடுத்து விற்பது. வாயில் வைத்தால் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. வெயில் ஏறினால் அடங்கிவிடும், அதனால் காலையில்தான். குளிர்காலம் போனால் தள்ளுவண்டியும் போய்விடும்.

ஜன்னலோர இருக்கை (பிப்ரவரி 6)

துக்ளக் கோட்டைக்கு முழங்கால் வலியோடு போக வேண்டாம் என்பது என் கருத்து. உடைந்த கல், முள், குரங்கு. நிழல் கிடையாது. மேலும் நாம் பள்ளியில் படித்த துக்ளக் கட்டியதும் அல்ல அது. தலைநகரை தேவகிரிக்கு மாற்றியவர் முகமது பின் துக்ளக். துக்ளக்காபாத்தைக் கட்டியவர் அவருடைய அப்பா கியாசுதீன், 1321 வாக்கில். அம்மா ஏமாந்துவிடப் போகிறார்.

வைகைக்கரையாள் (பிப்ரவரி 6)

அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அது எனக்குத் தெரியாதா? இந்தத் தம்பி எந்தப் பள்ளியில் படித்தார் என்று கேள்" என்கிறார். மன்னிக்கவும், சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

கரோல்பாக் தாத்தா (பிப்ரவரி 6)

டீச்சரிடம் வாலாட்ட வேண்டாம் ஐயா.

ஆனால் முள்ளும் கல்லும் உண்மை. அதற்கு ஒரு வழி சொல்கிறேன். கோட்டைக்கு எதிரே, சாலையின் மறுபக்கத்தில் கியாசுதீனின் சமாதி இருக்கிறது. அந்தக் காலத்தில் சுற்றிலும் ஏரி. கோட்டையிலிருந்து ஏரியின் மேல் ஒரு பாலம் போட்டு நடுவில் குட்டிக் கோட்டை போலச் சமாதியைக் கட்டிக்கொண்டார். ஏரி போயிற்று, பாலத்தை வெட்டிக்கொண்டு பதர்பூர் சாலை போகிறது. சாய்ந்த சிவப்புச் சுவர், வெள்ளைக் கும்மட்டம். சமாதி வரை போக அதிகம் ஏற வேண்டியதில்லை. அங்கே உட்கார்ந்து எதிரே பார்த்தால் கோட்டை மதில் முழுக்கக் கண்ணில் விழும்.

துக்ளக்காபாத் என்ற பெயரில் மெட்ரோ நிலையம் இருக்கிறதே என்று இறங்கிவிடாதீர்கள். கோட்டை அங்கிருந்து சில கிலோமீட்டர். ஆட்டோவே நல்லது, காத்திருக்கச் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள், திரும்பி வர அங்கே வண்டி கிடைப்பது கஷ்டம்.

சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியாவுக்கும் இந்தக் கியாசுதீனுக்கும் ஆகாது என்பார்கள். சுல்தான் வங்காளத்திலிருந்து திரும்பும்போது அவுலியா ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று ஓலை அனுப்ப, "டெல்லி இன்னும் தொலைவில் இருக்கிறது" என்றாராம் அவுலியா. சுல்தான் ஊருக்குள் வரவே இல்லை. வரவேற்புக்காகப் போட்ட பந்தல் சரிந்து 1325-இல் இறந்தார். கதை பாதி, சரித்திரம் பாதி. அதனால்தான் வியாழன் நிஜாமுதீனும் வெள்ளி துக்ளக்கும் வைத்தேன். வரிசை முக்கியம்.

யாழ்ப் பயணி (பிப்ரவரி 7)

தர்காவில் கவனிக்க: கருவறை போன்ற உள் அறைக்குள் பெண்களை விடுவதில்லை. ஜாலிச் சுவருக்கு (சல்லடை போலக் குடைந்த கல் சுவர்) வெளியே உட்காரலாம். கவ்வாலி நடப்பது முற்றத்தில், அதைக் கேட்கத் தடையில்லை. வழியில் பூக்கடைக்காரர்கள் "செருப்பை இங்கே விடுங்கள்" என்று கூப்பிடுவார்கள். விட்டால் பூ வாங்க வேண்டும். நான் வாங்கினேன். ரோஜா நல்ல ரோஜாதான்.

வைகைக்கரையாள் (மார்ச் 5)

போய்வந்தோம். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனில் இறங்கியதும் ஒரு ஆட்டோக்காரர், நாங்கள் சொன்ன விடுதி "மூடிவிட்டார்கள்" என்று சத்தியம் செய்து வேறு எங்கோ கூட்டிப்போகப் பார்த்தார். விடுதிக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தேன். பிறகு பேசவே இல்லை. கிட்டத்தட்ட முதல் நாளின் ஒரே கசப்பு அதுதான்.

குதுப்பில் நான் நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அம்மா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மணியும் சங்கிலியும் செதுக்கிய தூண்களைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனவர், அலாய் தர்வாஜா என்கிற வாசலின் முன் நின்றுவிட்டார். சிவப்புக் கல்லும் வெள்ளைப் பளிங்கும் கலந்த வாசல். பலகையில் 1311 என்று போட்டிருந்தது. "அலாவுதீன் கில்ஜி இதைக் கட்டி முடித்த வருடம்தான் அவனுடைய தளபதி மாலிக் கபூர் மதுரைக்கு வந்தான்" என்றார். நான் பிறந்து வளர்ந்த ஊரிலிருந்து யானையும் பொன்னும் கொண்டுபோன வருடமும் இந்த வாசல் எழும்பிய வருடமும் ஒன்று. அதற்கப்புறம் அந்தக் கல்லைப் பார்க்கவே வேறு மாதிரி இருந்தது. ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தோம். மெஹ்ரோலி பூங்காவுக்கு நேரமில்லை. மாணவி மன்னிக்க வேண்டும்.

தௌலத் கி சாட் கிடைத்தது. இலைக் கிண்ணத்தில் மஞ்சள் நுரை, மேலே கொஞ்சம் பிஸ்தா. அம்மா ஒரு கரண்டி வாயில் போட்டு, மென்று, விழுங்க எதுவும் இல்லாமல் என்னைப் பார்த்தார். "காசு கொடுத்தாயா?" என்றார். இரண்டாவது கிண்ணமும் அவர்தான் சாப்பிட்டார். காரி பாவ்லியில் நாங்களும் தும்மினோம். ஒரு கிலோ பாதாம் வாங்கி, அதைச் சுமந்துகொண்டே செங்கோட்டைக்குள் நடந்தோம். அது புத்திசாலித்தனம் அல்ல.

புதன்கிழமை அருங்காட்சியகம். மொகஞ்சதாரோ நடனப் பெண்ணைப் பாடப் புத்தகத்தில் முழுப் பக்கத்துக்குப் பார்த்துப் பழகியவர் அம்மா. நேரில் 10.5 சென்டிமீட்டர்தான். கண்ணாடிக்கு அருகே குனிந்து, "இத்தனூண்டா? பிள்ளைகளுக்கு அளவைச் சொல்லாமலே விட்டுவிட்டேனே" என்று வருந்தினார். மற்ற கூடங்களை வேகமாகத்தான் கடந்தோம். கன்னாட் பிளேஸ் எனக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. வட்டத்தில் எந்தப் பக்கம் வெளியே வந்தாலும் தப்பான பக்கம். அக்ரசேன் கி பாவ்லியை மேல் படியிலிருந்தே பார்த்தோம். நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் கீழே போகின்றன. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு "வணக்கம்" என்று திரும்பிவிட்டார்.

சாலையோரமெல்லாம் இலவ மரங்கள், இலையே இல்லாமல் சிவப்புப் பூவாக நின்றன. இதைப் பற்றி ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

வியாழன் மாலை தர்கா. கூட்டம் நெருக்கியது, அம்மாவுக்கு ஒரு பெண்மணி தன் பக்கத்தில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது. முழங்காலைக் காட்டினார் அம்மா. அந்தப் பெண்மணி தன் முழங்காலைக் காட்டினார். பாட்டு முடியும்வரை இருவரும் பேசிக்கொண்டதாகவே எனக்குத் தோன்றியது.

வெள்ளி, துக்ளக். தாத்தா சொன்னபடி கோட்டைக்குள் போகவில்லை. எதிர்ப்பக்கம் சமாதிக்கு மட்டும். எங்களைத் தவிர பள்ளிக்கு மட்டம் போட்ட இரண்டு பையன்களும் ஒரு நாயும். உள்ளே மூன்று கல்லறைகள். நடுவில் கியாசுதீன், மற்றவை அவர் மனைவியும் மகனும் என்று கருதப்படுகிறது. மகன் என்றால் முகமது பின் துக்ளக். ஜன்னலோர இருக்கை ஐயா, இது எனக்குத் தெரியாது, அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அதற்காகத்தான் வந்திருக்கிறார்.

அந்தக் கல்லறையின் அருகே தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார். முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, "31 வருடம் உன்னை ஐந்து மதிப்பெண் கேள்வியாகவே கேட்டிருக்கிறேன் அப்பா. 'துக்ளக்கின் திட்டங்கள் ஏன் தோல்வியடைந்தன?'" என்றார். பையன்கள் சிரித்தார்கள். ஆட்டோக்காரர் வெளியே ஹாரன் அடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை.

கரோல்பாக் தாத்தா (மார்ச் 5)

இலவ மரத்தைச் சொல்லாதது என் பிழை. இத்தனை வருடம் பார்த்துப் பழகிவிட்டது. மே மாதம் வந்தால் கொன்றை இருக்கிறது, ஆனால் மே மாதம் வராதீர்கள்.

மலை மந்திர் போனீர்களா? ராமகிருஷ்ணபுரத்தில் குன்றின் மேல் சுவாமிநாதர். மீனாட்சி சன்னிதியும் உண்டு.

வைகைக்கரையாள் (மார்ச் 5)

மதுரையிலிருந்து வந்து டெல்லியில் மீனாட்சியைத் தேடுவதா என்று அம்மா மறுத்துவிட்டார் தாத்தா. குன்று என்றதும் படிக்கட்டு ஞாபகம் வந்திருக்கும்.

முனிர்க்கா மாணவி (மார்ச் 6)

துக்ளக்காபாத் ஆட்டோவுக்குக் காத்திருப்புடன் எவ்வளவு பேசினீர்கள் அக்கா? நாங்கள் நான்கு பேர் அடுத்த வாரம் போகலாம் என்றிருக்கிறோம்.

வைகைக்கரையாள் (மார்ச் 6)

அவர் கேட்டதில் பாதியிலிருந்து தொடங்கினேன், முக்காலில் முடிந்தது. கூடவே ஒரு கைப்பிடிப் பாதாம்.

புதிய பறவை (மார்ச் 9)

வணக்கம், இங்கே புதிது. அடுத்த மாதம் குடும்பத்தோடு டெல்லி போகிறோம். திங்கட்கிழமை காலை இறங்குகிறோம். ஸ்டேஷனிலிருந்து நேராகச் செங்கோட்டைக்குப் போய்விடலாமா?